முதல் பலகைப் படம்

என் வீட்டுக்காரர் கண்ணுசாமிக்கு ஒரு படத்தைப் பார்த்தோம், வந்தோம் என்று இருக்கத் தெரியாது. பார்த்த படத்துக்கு ஓர் இடம் கொடுத்தாக வேண்டும். இது நாலாவது, அது ஏழாவது, போன மாசம் பார்த்தது வரிசையிலேயே சேராது என்று கொட்டகையிலிருந்து வீடு வரும் வரைக்கும் பேசிக்கொண்டே வருவார். படத்தோடு விட்டாலும் பரவாயில்லை. நான் வைக்கும் குழம்புக்கும் இடம் உண்டு. கெண்டைக் குழம்பு முதல் இடம், நண்டு ரசம் இரண்டாவது, கருவாடு மூன்றாவது. "அப்ப நான் எத்தனாவது எடம்?" என்று கல்யாணமான புதிதில் ஒரு தடவை கேட்டுவிட்டேன். மனுஷன் யோசித்தார். யோசித்தாரே என்ற கோபத்தில் இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.

இந்தப் பைத்தியத்துக்குத் துணையாக நீடாமங்கலத்தில் லியாகத் அலி பாய் இருந்தார். ஸ்டேஷன் ரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். கடைக்குக் கதவு கிடையாது, பலகைகள்தான். சாத்தும்போது வரிசை மாறிவிடக் கூடாது என்று ஒவ்வொரு பலகையிலும் ஒன்றிலிருந்து ஒன்பது வரை பெயிண்டால் நம்பர் போட்டிருக்கும். பாயும் இவரும் அந்த நம்பருக்குக் கீழே சாக்பீஸால் படத்தின் பெயரை எழுதிவைத்தார்கள். ஒன்பது பலகை, ஒன்பது படம். புதிதாக ஒன்று உள்ளே வந்தால் பழசு ஒன்று வெளியே போக வேண்டும். அதற்கு ஒரு வாரம் சண்டை நடக்கும். பஞ்சர் ஒட்ட வந்தவர்களெல்லாம் பஞ்சாயத்துப் பேசுவார்கள். பகலில் பலகைகளைக் கழற்றிச் சுவரோரமாகச் சாய்த்து வைத்திருப்பதால் ரோட்டில் போகிற யாரும் படித்துக்கொள்ளலாம்.

பல வருஷமாக முதல் பலகையில் இருந்தது 'ஏழு வாசல் கோட்டை'. அது ஒரு கத்திச்சண்டைப் படம். அது அங்கே ஏறிய கதையைச் சொன்னால்தான் எங்கள் கதை விளங்கும்.

எங்களுக்கு மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலம். எங்களுக்கு என்றால் எங்களுக்குச் சொந்தம் இல்லை, வைத்தியலிங்கம் பண்ணைக்குச் சொந்தம். என் மாமனார் காலத்திலிருந்து குத்தகைக்கு நாங்கள்தான் உழுதோம். விதை எங்களுடையது, எரு எங்களுடையது, முதுகு எங்களுடையது. அறுத்ததும் பண்ணைக்கு அளந்துவிட்டு மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவருவோம். எல்லாம் வாய்ப்பேச்சுதான், ரசீது கிடையாது. கேட்டால், ஏன், எங்கள்மேல் நம்பிக்கை இல்லையா என்பார்கள். அந்த மூன்று மாவை வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது. அதனால் நடவுக்கும் அறுப்புக்கும் பண்ணை வயலில் கூலிக்கும் போவோம். ஆகவே பண்ணைக் கணக்கில் நாங்களும் அவர்கள் ஆட்கள்தான்.

தீபாவளி அன்று காலையில் பண்ணையாட்கள் அத்தனை பேரும் குடும்பத்தோடு பண்ணை வாசலில் போய் நிற்க வேண்டும். ஆணுக்கு வேட்டி, பெண்ணுக்குச் சேலை, தலைக்கு எண்ணெய். போகாமல் இருந்தால் பண்ணையை அவமதித்ததாகும். நாங்களும் வருஷா வருஷம் போய் நின்றிருக்கிறோம்.

'ஏழு வாசல் கோட்டை' வந்த தீபாவளிக்கு இவர் வேறு திட்டம் போட்டிருந்தார். துணி வாங்கும் வரிசையில் நிற்காமல் காலை ரயிலைப் பிடித்துத் தஞ்சாவூர் போய் முதல் ஆட்டமே பார்த்துவிடுவது. சட்டையைத் துவைத்து மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். ஏனென்றால் லியாகத் பாய் ஒரு சட்டம் வைத்திருந்தார். எங்கள் கொட்டகைக்கு ஒரு படம் வருவதற்கு இரண்டு வருஷம் ஆகும். ஊர் ஊராக ஓடித் தேய்ந்து, பாட்டு இரண்டும் சண்டை ஒன்றும் வெட்டுப்பட்டுத்தான் வரும். அதை மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தவன் இரண்டாவது பலகை வரைக்கும்தான் படத்தை ஏற்றலாம். முதல் பலகைக்கு ஏற்ற வேண்டுமானால் தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ வந்த அன்றைக்கே பார்த்திருக்க வேண்டும்.

தீபாவளிக்கு முதல் நாள் பிடித்த மழை விடவே இல்லை. விடிந்ததும் ரயிலுக்குப் போகுமுன் வயலை ஒரு நடை பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர், ஓடிவந்து என்னைக் கூப்பிட்டார். எங்கள் வயலை ஒட்டி வடிகால் வாய்க்கால் ஓடுகிறது. கரையில் ஒரு ஒதிய மரம், அதன் வேரடியில் நண்டு வளை. அந்த இடத்தில் கரை பிய்த்துக்கொண்டு வாய்க்கால் முழுசும் வயலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. நட்டு ஒரு மாசம்கூட ஆகாத சம்பாப் பயிர். கூப்பிட்டால் வர ஆள் இல்லை, எல்லோரும் பண்ணை வாசலில் துணிக்கு நின்றார்கள். அவர் தென்னை மட்டைகளை முதுகில் அண்டக் கொடுத்துக்கொண்டு உடைப்பிலேயே போய் நின்றார். நெஞ்சு வரைக்கும் தண்ணீர். நான் வைக்கோலையும் களிமண்ணையும் வெட்டி வெட்டிப் போட்டேன். சாயங்காலம் ஆனது அடைத்து முடிக்க. வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் ஈரத்தோடு அடுப்பங்கரையில் உட்கார்ந்தோம். மடித்து வைத்த சட்டை தலையணைக்கு அடியிலேயே கிடந்தது.

மறுநாள் தெருவில் கேட்டார்கள், "என்ன கண்ணுசாமி, துணி வாங்க வரலியே?" என்று. உடைப்பை அடைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். அதில் சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? உடைப்பு அடைப்பது எல்லோரும் செய்கிற வேலைதானே. "தஞ்சாவூர் போனேன், படம் பாத்தேன்" என்று சொல்லிவிட்டார். தெருவே வாயைப் பிளந்தது. பண்ணைத் துணியை வேண்டாம் என்று விட்டுவிட்டுப் படத்துக்குப் போன ஆள்! அப்போதுதான் செங்கொடிச் சங்கம் எங்கள் தெருவுக்குள் வந்திருந்த காலம். சங்கத்துப் பையன்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு கதை கேட்டார்கள். இவரும் பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டும், பார்த்துவிட்டு வந்த போர்ட்டர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டும் அளந்தார். கூட்டத்தில் சட்டை கிழிந்ததாம். கதாநாயகன் ஏழாவது வாசலை உடைக்கும்போது பக்கத்தில் இருந்தவன் இவர் தொடையைக் கிள்ளினானாம். லியாகத் பாய் கடைசி வரை கேட்டுவிட்டு, சாக்பீஸை எடுத்து முதல் பலகையைத் துடைத்து எழுதினார்.

இரண்டு வருஷம் கழித்து அந்தப் படம் எங்கள் கொட்டகைக்கு வந்தது. அன்றைக்குத்தான் அவர் அதை முதல் முதலாகப் பார்த்தார். நானும் கூட இருந்தேன். வரும் வழியில் வாயே திறக்கவில்லை. வாசலில் கால் கழுவும்போது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார், "அம்சம், ஆறாவது எடந்தான் குடுக்கலாம்." நான் சிரித்த சிரிப்பில் வயிறு வலித்தது. இன்றைக்கு அதை நினைத்தால் சிரிப்பு வரவில்லை, வயிறு மட்டும்தான் வலிக்கிறது.

அதற்குள் ஆட்சி மாறியிருந்தது. திரைக்கு வசனம் எழுதியவர்களும் பேசியவர்களும் மேடையில் பேசி, கோட்டைக்கும் போய்விட்டார்கள். கூலி கேட்டுச் சண்டை, கதிரை அறுக்க வெளியூர் ஆளை இறக்கினால் சண்டை, போலீஸ் லாரி என்று டெல்டா முழுசும் கொதித்துக்கொண்டிருந்தது. அப்போது, யார் உழுகிறார்களோ அவர்கள் பெயரைக் குத்தகைக்காரர் என்று சர்க்கார் பதிவில் ஏற்றிக்கொள்ளலாம் என்று ஒரு சட்டம் வந்தது. பெயர் ஏறிவிட்டால் பண்ணை நினைத்தபோது வெளியே தள்ள முடியாது. ஏறாவிட்டால் அடுத்த போகத்துக்கு வயலில் கால் வைக்க முடியாது. எங்களுக்கு அந்த மூன்று மாதான் சோறு. இவர் மனுப் போட்டார். பண்ணை, அவன் குத்தகைக்காரன் இல்லை, கூலி ஆள், அது எங்கள் சொந்தச் சாகுபடி என்று எதிர்மனுப் போட்டது.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தாசில்தார் வந்து விசாரித்தார். பண்ணைக்காக அதன் கணக்கு வழக்கைப் பார்க்கும் காரியஸ்தர் செல்லதுரை வந்திருந்தார். எங்களுக்குச் சாட்சி லியாகத் பாய். அறுப்பு முடிந்து நெல் மூட்டையை அவர் கடை சைக்கிளில்தான் மில்லுக்கு ஏற்றிப் போவோம். பண்ணை வீட்டு சைக்கிளெல்லாம் அவரிடம்தான் ரிப்பேருக்கு வரும். அந்த வருமானம் போனாலும் போகிறது என்று வந்து நின்றார், நல்ல மனுஷர். ஆனால் கூலியையும் நெல்லாகத்தானே கொடுக்கிறோம், அந்த மூட்டைதான் அது என்று செல்லதுரை ஒரே பேச்சில் அடித்துவிட்டார்.

தாசில்தார் கெட்டவர் இல்லை. பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார், "கண்ணுசாமி, கூலி ஆளு செய்யாத வேலை, குத்தகைக்காரன் மட்டும் செய்யிற வேலை ஏதாச்சும் நீ செஞ்சிருந்தா சொல்லு."

இவர் உடனே அந்தத் தீபாவளியைச் சொன்னார். உடைப்பைச் சொன்னார், ஒதிய மரத்தைச் சொன்னார். "கூலி ஆளா இருந்தா நான் ஏங்க தீவாளியும் அதுவுமா உடைப்புல நிக்கிறேன்? துணி வாங்கத்தானே போயிருப்பேன்? அன்னக்கி நாங்க ரெண்டு பேரும் பண்ணை வாசலுக்கு வரல. காரியஸ்தர் ஐயாவையே கேளுங்க."

"உண்மைதாங்க, வரல" என்றார் செல்லதுரை. அவர் ஒத்துக்கொண்டதும் எனக்கு நெஞ்சில் பால் வார்த்ததுபோல் இருந்தது. "ஆனா ஏன் வரலேன்னு இந்த ஊருக்கே தெரியுங்க. தஞ்சாவூருக்குப் படம் பாக்கப் போயிட்டான். சந்தேகம்னா அவன் சாட்சியவே கேட்டுப் பாருங்க."

பாய் முகம் வெளுத்துவிட்டது. தாசில்தார் அவரைப் பார்த்தார்.

"என்னங்க பாய், உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

"தஞ்சாவூர்ல பாத்தேன்னுதான் சொன்னாருங்க" என்றார் பாய், தரையைப் பார்த்துக்கொண்டு. "பலகையில எழுதியிருக்கேன்."

அதோடு நின்றிருந்தாலும் ஏதாவது வழி இருந்திருக்கும். எங்கள் தெரு உத்திராபதி சங்கத்துப் பையன், நல்லவன், ஆனால் அவசரக்காரன். பண்ணைக்கு எதிராக ஏதோ நடக்கிறது என்பது மட்டும்தான் அவனுக்குப் புரிந்தது. எழுந்து நின்று கத்தினான்.

"ஆமாங்க! பண்ணைத் துணிய மயிரா மதிச்சுப் படத்துக்குப் போன ஒரே ஆம்பள எங்க அண்ணந்தாங்க! தெருவே சொல்லும்!"

தெருவும் சொன்னது. பின்னால் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும், ஆமாங்க, ஆமாங்க என்றார்கள். எங்களுக்கு ஆதரவாகத்தான் சொன்னார்கள். ஒருத்தன் கைகூடத் தட்டினான். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

இவர் எழுந்தார். "ஐயா, நான் பாக்கலீங்க. அன்னக்கி நான் தஞ்சாவூரே போவல. சும்மா சொன்னேங்க."

கை தட்டியவன் கையை மடியில் போட்டுக்கொண்டான். லியாகத் பாய் நிமிர்ந்து இவரைப் பார்த்தார். பண்ணையிடம் தோற்பதைவிட அந்தப் பார்வைதான் அவருக்குப் பெரிய அடி என்று எனக்குத் தெரிந்தது.

"சட்டை கிழிஞ்சுதுன்னியாமே?" என்றார் செல்லதுரை.

"பொய்யிங்க."

"பக்கத்துல ஒருத்தன் கிள்ளுனான்னியாமே?"

"அதுவும் பொய்யிங்க."

தாசில்தார் பெருமூச்சு விட்டார். "பாக்காத படத்தப் பாத்தேன்னு இத்தன வருஷமா ஊரையே நம்ப வச்சவன், நிக்காத உடைப்புல நின்னேன்னு என்னை நம்ப வைக்க மாட்டியா?"

நான் ஓடிப்போய் முன்னால் நின்றேன். "ஐயா, நான் கூட நின்னேங்க. மண்ணு வெட்டிப் போட்டது நாந்தாங்க." அவர் கோபப்படவில்லை. "நீ ஒம் புருஷனுக்காகத்தானே சொல்லுவே, தாயி" என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். பார்க்காத படத்தை ஆயிரம் தடவை சொன்னீர்களே, நெஞ்சளவு தண்ணீரில் நின்றதை ஒரே ஒரு தடவை, ஒரே ஒருத்தரிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று கத்தினேன். அவர்தான் என்ன சொல்வார்? எங்களைப்போன்றவர்கள் பாடுபடுவதை யார் உட்கார்ந்து கேட்கிறார்கள்? படத்தைப் பற்றிப் பேசினால்தான் நாலு பேர் சுற்றி உட்கார்ந்தார்கள். இது புரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. புரிந்தபிறகும் கோபம் போகவில்லை.

நிலம் பண்ணையின் சொந்தச் சாகுபடி என்று பதிவாகிவிட்டது. அடுத்த நடவுக்கு அதே வயலில் கூலிக்கு இறங்கினேன். இன்ன மூலையில் பள்ளம், இன்ன இடத்தில் களர் என்று என் காலுக்குத் தெரியும். பக்கத்தில் நட்டவளிடம் சொல்லவில்லை.

லியாகத் பாய் ஒருநாள் வீடு தேடி வந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"நான் பொய் சொல்லியிருக்கணும் கண்ணு. வாய் வரலப்பா."

"நீங்க ஏன் பாய் பொய் சொல்லணும்? நான் சொன்னதத்தானே சொன்னீங்க."

"மொதப் பலகைய அழிச்சிட்டேன். காலியா கெடக்கு. வந்து நீயே எழுது. எதை வேணும்னாலும் எழுது, எங்க பாத்தேன்னு கேக்க மாட்டேன்."

இவர் தலையை ஆட்டினார். போகவில்லை. கொட்டகைக்குப் போவதையும் விட்டுவிட்டார். சாயங்காலம் கொட்டகையில் ரிக்கார்டு போடும் சத்தம் வயல்வெளி தாண்டிக் கேட்கும்போது எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். ஒருநாள் கெண்டைக் குழம்பு வைத்துவிட்டு, "எத்தனாவது எடம்?" என்று நானே கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதேன். இந்த மனுஷன் வாயை எப்போது மூடுவார் என்று எத்தனை வருஷம் அலுத்துக்கொண்டிருக்கிறேன்!

அதற்கு இரண்டாவது வருஷம் தீபாவளி அன்று அதே மாதிரி மழை. நாங்கள் துணி வாங்கப் புறப்படவில்லை. இவர் உள்ளே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குடை பிடித்துக்கொண்டு காரியஸ்தர் செல்லதுரை வாசலில் வந்து நின்றார். அவர் எங்கள் தெருவுக்குள் வந்ததே அதுதான் முதல் தடவை.

"கண்ணுசாமி இருக்கானா?"

"இல்லீங்க" என்றேன். "தஞ்சாவூருக்குப் படம் பாக்கப் போயிருக்காரு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "வெளையாடாத, அம்சம். ஒதிய மரத்தடியில பிச்சுக்கிட்டுப் போவுது. காலையிலேருந்து ஆள விட்டு அடைக்கிறேன், போடப் போட அடிச்சிக்கிட்டுப் போவுது. எங்க மட்டையக் குடுத்தா நிக்கும்னு அவனுக்குத்தான் தெரியும். அன்னக்கி அவன்தானே அடைச்சான்."

"என்னக்கி?" என்று கேட்டேன்.

அவர் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உடைப்பை நாங்கள் அடைத்தது அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது, அடைத்த கரையை மறுநாள் பார்த்திருப்பார். தெரிந்துகொண்டேதான் பள்ளிக்கூடத்தில் அப்படி நின்று பேசியிருக்கிறார்.

உள்ளேயிருந்து இவர் மண்வெட்டியோடு வெளியே வந்தார். "யாரு நெலத்துக்குப் போறீங்க?" என்று கையைப் பிடித்தேன். "இருந்து இருந்து இதுக்கா போவணும்?"

"பயிரு முழுவுது, அம்சம்" என்றார். அந்த உடைப்பை ஒரு ஆளால் அடைக்க முடியாது. நானும் போனேன்.

மட்டையை முதுகில் அண்டக் கொடுத்துக்கொண்டு, வேரடியில் வாய்க்கால் பக்கமாக இறங்கி அவர் நின்றார். நெஞ்சு வரைக்கும் தண்ணீர். நான் மண்ணை வெட்டி வெட்டிப் போட்டேன். எல்லாம் அன்றைக்கு மாதிரியேதான். அன்றைக்கு எங்களைப் பார்க்க ஓர் ஆள்கூட இல்லை. இன்றைக்குச் செல்லதுரை வரப்பில் குடை பிடித்துக்கொண்டு, அடைத்து முடிக்கிற வரைக்கும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் நின்றதும் அவருக்கு மூச்சு வந்தது.

"சரி, இருட்டுறதுக்குள்ள ரெண்டு பேரும் போயி பண்ணை வாசல்ல துணி வாங்கிக்குங்க" என்றார்.

போய் வாங்கிக்கொண்டோம்.